பெரியப்பா வீட்டு டிவியில் ஓடும் கோப்பு

திருக்கடையூரில் அப்பாவின் மணிவிழா முடிந்து ஏழு வாரம் கழித்து, நானே வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்த 52 நிமிட வீடியோவை ஒரு பென் டிரைவில் போட்டு, சீர்காழிக்கு அருகே இருக்கும் பெரியப்பாவுக்கு அனுப்பி வைத்தேன். அன்று மாலையே அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, நாயனச் சத்தம் நல்லா கேக்குது. படந்தான் வரல. டிவி கறுப்பாவே நிக்குது." பெரியம்மாவும் பக்கத்து வீட்டார் இருவரும் அந்தக் கறுப்புத் திரைக்கு எதிரே உட்கார்ந்து, ஏதாவது தெரியும் என்று கால் மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு மனம் மிகவும் கஷ்டப்பட்டது. விழாவுக்கு வர முடியாதபடி முழங்கால் வலியோடு இருந்த பெரியம்மாவுக்காகத்தான் அந்த வீடியோவையே அவ்வளவு நீளமாகத் தொகுத்திருந்தேன்.

என் கணினியிலும் போனிலும் அதே கோப்பு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பெயரின் கடைசியில் எம்பி4 என்றுதான் இருந்தது. எம்பி4 என்றால் எல்லா இடத்திலும் ஓடும் என்று நாம் அனைவரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பதை அன்று கற்றுக்கொண்டேன். வீட்டில் எடிட் செய்து உறவினர்களுக்குக் கொடுக்க நினைக்கும் வேறு யாருக்கும் இந்தக் கறுப்புத் திரை நேரக்கூடாது என்பதற்காக, அதன் பிறகு நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எம்பி4 என்பது ஒரு பெட்டியின் பெயர். ஆப்பிள் நிறுவனம் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட குயிக்டைம் என்ற வீடியோ மென்பொருளின் கோப்பு அமைப்பை அடிப்படையாகக் கொண்டு பிற்பாடு உருவாக்கப்பட்ட சர்வதேசத் தரம் அது. குயிக்டைமின் எம்ஓவி கோப்பும் எம்பி4 கோப்பும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போல இருப்பது அதனால்தான். அந்தப் பெட்டிக்குள் படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பெட்டியைத் திறக்கத் தெரிந்த டிவிக்கு உள்ளே இருக்கும் படத்தின் சுருக்க முறை தெரியாமல் போகலாம். பெரியப்பா வீட்டில் நடந்தது இதுதான்: டிவி பெட்டியைத் திறந்தது, ஒலியை எடுத்து ஒலித்தது, படத்தைப் படிக்கத் தெரியாமல் நின்றுவிட்டது.

எடிட் முடித்த வீடியோவை ஒரே கோப்பாக வெளியே எடுக்கும்போது, அதாவது ஏற்றுமதி செய்யும்போது, நான் எச்.265 என்ற முறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஹெவிக் என்றும் சொல்லப்படும் அது, முந்தைய எச்.264 தரும் அதே தெளிவை ஏறக்குறையப் பாதி அளவுக் கோப்பில் தருவதற்காக உருவானது. புதியது நல்லது என்று நினைத்தேன். அளவு குறைகிறதே என்றும் மகிழ்ந்தேன். ஆனால் எச்.265 தரமாக ஏற்கப்பட்டதே 2013ஆம் ஆண்டில்தான், பெரியப்பா அந்த டிவியை வாங்கியதும் அதே ஆண்டில்தான். கணினி என்றால் புதிய மென்பொருளை நிறுவிச் சமாளித்துவிடலாம். டிவியில் படத்தை விரித்துக் காட்டும் வேலையை உள்ளே இருக்கும் ஒரு சில்லு செய்கிறது; தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் அதற்கு என்ன தெரியுமோ அதுதான் கடைசி வரை தெரியும். எச்.264 அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னதாக, 2003இல் தரமாக்கப்பட்டது. இன்று இயங்கிக்கொண்டிருக்கும் டிவி, போன், மடிக்கணினி ஆகியவற்றில் அதை அறியாத ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். ஆகவே ஊர் முழுக்க ஓட வேண்டிய கோப்புக்கு, எம்பி4 பெட்டி, உள்ளே எச்.264 படம், ஏஏசி முறையில் சுருக்கிய ஒலி என்பதே என் முடிவான பரிந்துரை. எடிட்டிங் மென்பொருளுக்கு மென்பொருள் இதைத் தேர்ந்தெடுக்கும் இடத்தின் பெயர் மாறும். கேடென்லைவில் 'ரெண்டர்', டாவின்சி ரிசால்வில் 'டெலிவர்', ஷாட்கட்டில் 'எக்ஸ்போர்ட்' என்று இருக்கும். தேர்வு ஒன்றுதான்.

எச்.264 என்று தேர்ந்தெடுத்த பிறகும் இரண்டு இடங்களில் தவறு நேரலாம். முதலாவது பிட் ஆழம், அதாவது ஒவ்வொரு வண்ணத்தையும் எத்தனை பிட்டில் எழுதுகிறோம் என்பது. இப்போதைய நல்ல போன்கள், வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் வீச்சில் பிடிக்கும் எச்டிஆர் முறையில், ஒரு வண்ணத்துக்கு 10 பிட் வீதம் பதிவு செய்கின்றன. அதை அப்படியே 10 பிட்டாக ஏற்றுமதி செய்தால், எச்.264 ஆகவே இருந்தாலும் பெரும்பாலான டிவிகளின் சில்லு அதைப் படிக்காது. 8 பிட்டும், வெளிச்சத்தைவிட வண்ணத்தைக் குறைந்த விவரத்தோடு வைக்கும் 4:2:0 அமைப்பும்தான் எல்லோருக்கும் பொது. எடிட் செய்யும்போதே எச்டிஆர் காட்சிகளை ரெக்.709 என்ற சாதாரண வண்ண வரம்புக்கு முறையாக மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டால் அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவை வெளுத்த செங்கல் நிறமாகத் தெரியும்; என் முதல் முயற்சியில் அப்படித்தான் தெரிந்தது. அடுத்த விழாவுக்கு முன்பே போனின் கேமரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை நிறுத்திவிடுவது இன்னும் சுலபம். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதே கேமரா அமைப்பில் உள்ள 'ஃபார்மட்ஸ்' பகுதியில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பதிவே எச்.264 ஆக அமையும்.

இரண்டாவது, லெவல் எனப்படும் எண். ஒரு நொடியில் எவ்வளவு படத்தை விரிக்க வேண்டியிருக்கும் என்பதைச் சில்லுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் அளவுகோல் அது. எச்.264 படத்தை 16க்கு 16 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. 1920க்கு 1080 படத்தில் அப்படி 8,160 கட்டங்கள் வரும். நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 தனித்தனிப் படங்கள், என்றால் 2,44,800 கட்டங்கள். லெவல் 4.0 அனுமதிக்கும் உச்சவரம்பு 2,45,760. அதாவது முழு எச்டி படமும் 30 பிரேமும் அந்த எல்லைக்குள் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகின்றன. 60 பிரேமுக்குப் போனால் லெவல் 4.2 தேவைப்படும், பழைய டிவிகள் பல அங்கே திணறும். 4கேவுக்கு இன்னும் மேலே போக வேண்டும். எனவே 1080, 30 பிரேம், லெவல் 4.0 என்று நிறுத்திக்கொள்வதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஏற்றுமதிக்கு முன்பே கவனிக்க வேண்டிய ஒன்றை நான் முதலில் தவறவிட்டேன். போன்கள் 30 பிரேம் என்று சொன்னாலும் சீராக 30 எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் 27, 24 என்று இறங்கி மறுபடி ஏறும். போனில் பார்க்கும்போது அது தெரியாது. எடிட்டிங் மென்பொருள்கள் சீரான பிரேம் வேகத்தை எதிர்பார்ப்பவை என்பதால், அத்தகைய பதிவை நேராக மென்பொருளின் காலக்கோட்டில் (டைம்லைன்) வைத்தால் படமும் ஒலியும் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். ஐந்தாவது நிமிடத்தில் எதுவும் தோன்றாது. இருபதாவது நிமிடத்தில் சாஸ்திரிகளின் உதடு ஒன்று சொல்ல மந்திரம் இன்னொன்றாகக் கேட்கும். இந்த விலகலைக் கண்டுபிடிக்கத் தவிலைவிடச் சிறந்த கருவி கிடையாது. தவில் கலைஞரின் குச்சி தோலைத் தொடும் பிரேமில் காலக்கோட்டை நிறுத்தி, கீழே ஒலி அலை எங்கே எழும்புகிறது என்று பார்த்தால் போதும். என் பதிவில் குச்சி தோலைத் தொட்டுத் திரும்பி மேலே போய்க்கொண்டிருக்கும்போது ஒலி வந்தது. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பிரேம் தாமதம்.

இதற்கு மருந்து ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள். எடிட் செய்யத் தொடங்கும் முன், போனில் எடுத்த ஒவ்வொரு பதிவையும் அதில் போட்டு, வீடியோ பகுதியில் பிரேம் வேகத்தை 30 என்றும், அதன் கீழே 'கான்ஸ்டன்ட்' என்றும் தேர்ந்தெடுத்து, தரத்தை மிக உயர்வாக வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஓர் இரவு முழுவதும் கணினி ஓடும். ஓடட்டும், அதன் பிறகு காலக்கோட்டில் எதையும் இழுத்து ஒட்ட வேண்டியிருக்காது.

வீடியோவின் நடுவே ஆறு நிமிடத்துக்கு 1991இல் நடந்த அப்பா அம்மாவின் திருமணக் காட்சிகளைச் சேர்த்திருந்தேன். விஎச்எஸ் கேசட்டிலிருந்து ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கியவை. பழைய கேசட் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் நாட்டில் வழங்கிய பால் (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 25 பிரேம். ஆனால் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாகப் பதிவாவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் ஐம்பதில் ஒரு நொடி கழித்தும் பதிவாகும். பழைய குழாய் டிவி அவற்றை மாறி மாறி வரைந்ததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்றைய திரை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவதால், அசைகின்ற எல்லாவற்றின் ஓரத்திலும் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் எழும். அசையாமல் நிற்கும் பந்தல் தூண் தெளிவாக இருக்கும். ஆரத்தித் தட்டைச் சுற்றும் அத்தையின் கை மட்டும் வளையலிலிருந்து விரல்நுனி வரை சீப்பாகிவிடும். இந்தக் கோடுகளோடு அப்படியே எச்.264க்கு மாற்றிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆகவே முதல் வேலையாக ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர்ஸ் பகுதியில் டீஇன்டர்லேஸ் என்பதை இயக்கி, அதில் யாடிஃப் அல்லது பிடபிள்யூடிஃப் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிகளின் வரிசை தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், நடந்து வருகிறவர்கள் ஒரு அடி முன்னும் அரை அடி பின்னுமாக நடுங்குவது போலத் தெரியும். அப்போது வரிசையை மாற்றிக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பழைய படத்தின் வடிவம் 4:3. திரையை நிரப்புவதற்காக அதைப் பக்கவாட்டில் இழுப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இளம் வயது அம்மாவின் முகம் அகன்று வேறு யாரோ போல ஆகிவிடுகிறது. மேலும் கீழும் வெட்டினால் தலைப்பூவும் தாம்பாளமும் போய்விடும். 1080 உயரத்துக்கு 1440 அகலம் என்று நடுவில் வைத்து, இரு பக்கமும் கறுப்பாக விடுவதுதான் அந்தப் படத்துக்குச் செய்யும் மரியாதை. படத்தின் அடிவிளிம்பில் சில வரிகள் மட்டும் கிழிந்து நெளிவது விஎச்எஸ்ஸின் இயல்பு. அதை மட்டும் மெல்ல மறைத்துவிடலாம். 25 பிரேமை 30 ஆக்கும்போது ஐந்து பிரேமுக்கு ஒரு பிரேம் இரண்டு முறை வரும். கேமராவை மெதுவாகத் திருப்பிய காட்சிகளில் அது கொஞ்சம் தட்டுப்படுகிறது. வீடியோவின் பெரும்பகுதி 30 என்பதால் அதை ஏற்றுக்கொண்டேன்.

அடுத்தது தரம். இதை எனக்குப் புரியவைத்தது அட்சதை. சுருக்க முறை எதுவானாலும் அதன் சாரம் ஒன்றுதான்: இந்த பிரேமில் உள்ளதில் பெரும்பகுதி முந்தைய பிரேமிலும் இருந்தது, கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று கணித்து, மாறியதை மட்டும் எழுதி வைப்பது. மனையில் உட்கார்ந்து சங்கல்பம் செய்யும் காட்சியில் எதுவும் அதிகம் மாறாது. கணிப்பு பலிக்கும், கோப்பு சிறுக்கும். மாங்கல்ய தாரணத்தின்போது கெட்டிமேளம் முழங்க நாலா பக்கமிருந்தும் அட்சதையும் பூவும் வந்து விழுகிற அந்த மூன்று நொடியில், ஆயிரக்கணக்கான அரிசி மணிகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாதையில் பறக்கின்றன. முந்தைய பிரேமை வைத்து எதையும் கணிக்க முடியாது. பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவிடும் தரவின் அளவை, 4 மெகாபிட் என்று கட்டிப்போட்டு நான் செய்த ஒரு பிரதியில், விழா முழுவதற்கும் உச்சமான அந்தக் கணத்தில்தான் அப்பா அம்மா முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்தன. ஹோமப் புகையும் இதே போலத்தான். மென்மையாகக் கரைய வேண்டிய புகை படிக்கட்டுப் படிக்கட்டாகத் தெரியும்.

ஆகவே நிலையான பிட்ரேட்டை விட்டுவிட்டு நிலையான தரத்தைக் கேட்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் ஆர்எஃப் என்றும் மற்ற இடங்களில் சிஆர்எஃப் என்றும் அதற்குப் பெயர். எச்.264க்கு 0 முதல் 51 வரை போகும். எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும், ஆறு எண் இறக்கினால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஹேண்ட்பிரேக்கின் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற ஆயத்த அமைப்பில் 22 இருக்கும். நான் 20 வைக்கிறேன். சங்கல்பத்தில் மிச்சப்படுத்தியதை அட்சதையில் செலவழிக்கும் உரிமையை மென்பொருளுக்கே கொடுத்துவிடுகிறோம். அது நம்மைவிட நன்றாகக் கணக்குப் பார்க்கும்.

ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம். நாதஸ்வரம் மேல்சுருதிகள் செறிந்த வாத்தியம். ஏஏசியை 96 கிலோபிட்டில் சுருக்கினால் அந்த நாதம் மணல் உரசுவது போல ஆகிவிடும். ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ், 192 கிலோபிட் போதுமானது. ஒலியின் உச்சம் பூஜ்யம் டெசிபலைத் தொடாமல் கழித்தல் ஒன்றரையில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சுருக்கி விரிக்கும்போது உச்சம் சற்று ஏறும்.

பென் டிரைவுக்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய டிவிகள் பல ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்ட பென் டிரைவை மட்டுமே படிக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது, துல்லியமாகச் சொன்னால் 4,294,967,295 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. நொடிக்கு 8 மெகாபிட் என்பது நொடிக்கு 1 மெகாபைட். அப்படியானால் சுமார் 71 நிமிடத்தில் எல்லை வந்துவிடும். என் 52 நிமிட வீடியோவுக்குச் சிக்கல் வரவில்லை. முழுச் சடங்கும் அடங்கிய இரண்டேகால் மணி நேரப் பதிவை ஹோமம், கலசாபிஷேகம், மாங்கல்ய தாரணம் என்று மூன்று கோப்புகளாகப் பிரித்துக் கொடுத்தேன். வேண்டிய பகுதிக்கு நேராகப் போகவும் அது வசதியாக இருக்கிறது.

டொராண்டோவில் இருக்கும் அக்காவுக்கு இணையம் வழியாக அனுப்பினேன். அதற்கு ஹேண்ட்பிரேக்கில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். எம்பி4 கோப்பில் எந்த பிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாகக் கடைசியில் எழுதப்படும்; இந்தக் கட்டம் அதைப் புத்தகத்தின் பொருளடக்கம் போல முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. முழுவதும் இறங்கும் வரை காத்திராமல் படம் ஓடத் தொடங்கும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் விருப்பப்படி மறுபடி சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்தால் 2 ஜிபி வரை அப்படியே போகும். சித்திமார்களுக்கு முகூர்த்தம் மட்டும் நான்கு நிமிடமாக வெட்டி அப்படித்தான் அனுப்பினேன்.

உறவினர் பெயர்களைத் தமிழில் கீழே காட்ட விரும்பினேன். எஸ்ஆர்டி எனப்படும் தனி சப்டைட்டில் கோப்பாக வைத்தபோது பெரியப்பா வீட்டு டிவி எழுத்துகளைச் சேர்க்கத் தெரியாமல் உதிர்த்துப் போட்டது. 'பெரியப்பா' என்பதிலேயே கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றது, புள்ளி தனியாக ஒரு வட்டத்தின் மேல் தொங்கியது. தமிழ் எழுத்து படத்தோடு படமாகப் பதிக்கப்பட்டிருந்தால் மட்டுமே எல்லா இடத்திலும் ஒழுங்காகத் தெரியும்.

கடைசியாகச் சரிபார்ப்பு. விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓடியது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது ஏறக்குறைய எல்லாவற்றையும் ஓட்டிவிடும் என்பதே அதன் பெருமை. மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருளில் கோப்பைத் திறந்தால் உள்ளே இருப்பது எச்.264தானா, 8 பிட்டா, லெவல் 4தானா, பிரேம் வேகம் சீரானதா என்று வரி வரியாகச் சொல்லிவிடும். பிறகு வீட்டில் உள்ளதிலேயே பழைய டிவியில் போட்டு, முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் பாருங்கள். கொடுப்பதற்கான இந்தக் கோப்பைத் தவிர, மூலப் பதிவுகளையும் எடிட்டிங் கோப்பையும், மிக உயர்ந்த தரத்தில் ஏற்றுமதி செய்த ஒரு மாஸ்டர் பிரதியையும் தனி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது பிரதியை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை சீர்காழிக்கு எடுத்துப் போனேன். இம்முறை ஹேண்ட்பிரேக்கின் கூடுதல் அமைப்பில் இரண்டு நொடிக்கு ஒரு முழு பிரேம், அதாவது முந்தையதை நம்பாமல் முழுதாக எழுதப்பட்ட பிரேம், வரும்படி வைத்திருந்தேன். ரிமோட்டில் பின்னால் ஓட்டினால் டிவி போய் நிற்பது அந்த முழு பிரேம்களில்தான். 1991ஆம் ஆண்டுக் காட்சி வந்ததும் பெரியம்மா ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மூன்று முறை பின்னால் ஓட்டி, பந்தலின் ஓரத்தில் விசிறியோடு நிற்பது எங்கள் அப்பாயிதான் என்று காட்டினார். அப்பாயியின் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு பிரேமை அச்சிட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் மாஸ்டரிலிருந்து அதை எடுக்க வேண்டும்.